இப்போதைக்கு

"துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது?"
தொலைபேசியில் அந்தப் பெண் கேட்டாள்.
ரொட்டிப் பெட்டியின் மேலே என்றேன்.
"கையில் எதுவும் இல்லாமல்
வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்."
விளக்கு ஃபியூஸ் போய்ப் பத்து நாள்.
அதைச் சொல்லத் தோன்றவில்லை.
என் வீட்டிலிருந்து நானே
எதையோ திருடியவள்போல
கையைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் வந்தேன்.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
காலில் செருப்பில்லை.
ஐந்து டார்ச், ஐந்து அதட்டல்.
ஒன்று மட்டும் பெயர் சொன்னது:
"வெர்னா, மண்டி போடு."
டிம் ஹ்ருஸ்கா.
அவன் மகள் போகும் பள்ளிப் பேருந்தை
ஓட்டுகிறவள் நான்.
அவள் வாந்தி எடுத்த நாளில்
இதே கையால்தான் துடைத்துவிட்டேன்.

அந்தக் கைகளுக்குப் பழுப்புக் காகிதப் பை மாட்டி
மணிக்கட்டில் டேப் சுற்றினார்கள்.
வெடிமருந்துத் துகள் உதிரக் கூடாதாம்.
மளிகைக் கடைப் பையின் வாசம்.
காவல் வண்டியின் பின்கதவுக்கு
உள்ளே கைப்பிடி கிடையாது.
மூக்கு அரித்தது.
பையோடு சொறிந்துகொண்டேன்.

விசாரித்தவர் தன்மையானவர்.
காப்பி கொடுத்தார், காலுக்குக் கம்பளி கொடுத்தார்.
எத்தனை முறை சுட்டீர்கள்?
இரண்டு என்றேன்.
மூன்று என்றது சுவர்.

வக்கீல் டுவோராசெக் அம்மாள்
காலை ஒன்பதுக்குத்தான் வந்து சேர்ந்தார்.
"பயந்தேன், சுட்டேன்,
மீதியை வக்கீல் வந்த பிறகு சொல்கிறேன்.
இவ்வளவுதான் நீ பேசியிருக்க வேண்டும்."
நான் நாற்பது நிமிடம் பேசியிருந்தேன்.
கேட்காததையும் சொல்லியிருந்தேன்:
பின்கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது,
மாற்ற நினைத்தேன், மாற்றவில்லை.
அது இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில்
தட்டச்சாகி இருக்கிறது.

ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை.
ரத்தத்தில் போலீஸ் எடுத்துப்போவது
ஒரு குப்பி அளவு.
மிச்சம் வீட்டுக்காரருடையது.
ஒமாஹாவிலிருந்து ஆள் வந்து தரையைப் பெயர்த்தார்கள்.
பில்லின் தலைப்பில் என் பெயர்.
காப்பீட்டுக்காரன் கேட்டான்:
"தெரிந்தேதானே சுட்டீர்கள்?
அப்படியானால் இது விபத்தில் வராது."
படகை விற்றேன்.

தீவனக் கடையில் ஒருவர் தோளில் தட்டி
"சபாஷ்" என்றார்.
வாங்க வந்ததை மறந்து வெளியே வந்து
வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு
கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினேன்.
அவரையா?
தெரியவில்லை.

கோப்பின் நகலை வக்கீல் படிக்கத் தந்தார்.
இறந்தவர்: லாய்ல் பென்னர், வயது முப்பத்தொன்று.
உடன் இருந்தவை:
டயர் கழற்றும் இரும்பு ஒன்று,
கையுறை, இடது மட்டும்,
நாய்த்தீனி வாங்கிய ரசீது,
அன்று மாலை ஐந்து பத்துக்கு.
பெரிய பை. ஒரு மாதத்துக்கு வரும்.

பதினோராம் மாதம் கடிதம் வந்தது.
கிடைத்த சான்றுகளின் அடிப்படையில்
இப்போதைக்கு வழக்குத் தொடரும் உத்தேசமில்லை.
"வாழ்த்துகள்" என்றார் டுவோராசெக்.
இப்போதைக்கு என்றால்?
"அவர்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள்."
பள்ளி நிர்வாகமும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது.
இப்போதைக்குப் பேருந்துச் சாவி
அலுவலகத்திலேயே இருக்கட்டும்.
சாலைத் திருப்பத்தில் டிம்மின் மகள்
மஞ்சள் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது
என் காரைப் பார்த்துக் கையை உயர்த்துகிறாள்,
பிறகு பாதியில் இறக்கிவிடுகிறாள்.

சான்றுப்பொருள் அறை நீதிமன்ற அடித்தளத்தில்.
கம்பி ஜன்னலுக்குப் பின்னால்
சூயிங்கம் மென்றபடி ஓர் இளைஞன்
அட்டைப்பெட்டியைத் திறந்து எண்ணினான்.
கைத்துப்பாக்கி ஒன்று. தோட்டாக் கூடு ஒன்று.
தோட்டாக்கள், மூன்று குறைவு.
"சரியா?"
சரி.
"இங்கே ஒன்று, இங்கே ஒன்று, தேதி."
கையெழுத்துப் போட்டேன்.
பேனாவைத் திருப்பித் தராமல் நின்றேன்.

"வேறு ஏதாவது?"

அந்த நாய் என்ன ஆயிற்று?

மெல்வதை நிறுத்திவிட்டுப் பட்டியலை
மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான்.

"எந்த நாய்?"